டெல்லியிலிருந்து ஆக்ரா: குறைந்த கட்டணத்தில் "தனி வண்டி" என்று அழைப்பவர்களிடம் எச்சரிக்கை

அரையாண்டு விடுமுறையில் டெல்லியில் இருக்கும் உறவினர் வீட்டில் தங்கி, ஊரைச் சுற்றிப் பார்த்து, நடுவில் ஒரு நாள் ஆக்ராவுக்கும் போய்வரத் திட்டமிடும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். கடந்த டிசம்பரில் நாங்கள் அப்படித்தான் போனோம். ஆர்.கே.புரத்தில் மத்திய அரசுக் குடியிருப்பில் இருக்கும் அக்கா வீட்டில் தங்கினோம். குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, செங்கோட்டை எல்லாவற்றையும் மெட்ரோவிலேயே பார்த்து முடித்தோம். அதில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் முழுவதும் ஆக்ரா பயணத்தை ஒப்படைத்த சுற்றுலா ஏற்பாட்டாளரிடம்தான்.

சமூக ஊடகத்தில் தமிழிலேயே வந்த விளம்பரம் அது. தனி டெம்போ டிராவலர், தமிழ் பேசும் வழிகாட்டி, நுழைவுச் சீட்டு ஏற்பாடு, தாஜ்மகாலும் ஆக்ரா கோட்டையும் ஒரே நாளில், மொத்தமாக 9,500 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். விசாரித்த மற்ற இடங்களில் இதைவிட நாலாயிரம், ஐயாயிரம் கூடுதலாகவே சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் பேசியவர் முதலில் கேட்டது எத்தனை பேர் என்பதை அல்ல. ஊர் திரும்பும் ரயில் என்றைக்கு, டெல்லியில் யார் வீட்டில் தங்குகிறீர்கள் என்பதைத்தான். அக்கறையோடு கேட்கிறார் என்றே அப்போது தோன்றியது. ஞாயிறு இரவு ரயில் ஏறப்போகும் குடும்பத்தை வெள்ளி, சனி வரை இழுத்தடித்தால் அவர்களுக்கு வேறு வழி இருக்காது என்பதைக் கணக்குப் போடத்தான் அந்தக் கேள்வி என்பது பிறகு விளங்கியது. முன்பணமாக 5,000 ரூபாயை யுபிஐ வழியாக அனுப்பினோம். பணம் போய்ச் சேர்ந்தது நிறுவனத்தின் பெயரில் அல்ல, ஒரு தனிநபரின் பெயரில். ரசீது கேட்டபோது, பயண நாளில் ஓட்டுநர் தருவார் என்றார்கள். கடைசிவரை யாரும் தரவில்லை.

எங்களுக்குக் குறித்திருந்த நாள் வியாழக்கிழமை. புதன் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு செய்தி வந்தது: பனிமூட்டத்தால் யமுனா விரைவுச்சாலையைப் போலீஸ் மூடிவிட்டது, வண்டி வெள்ளிக்கிழமை வரும் என்று. வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு விடுமுறை என்பது டெல்லிவாசியான அக்காவுக்குத் தெரியும் என்பதால் உடனே அழைத்துக் கேட்டாள். "சிறப்பு அனுமதி வாங்கித் தருகிறோம் மேடம்" என்று கூசாமல் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் வளாகத்து மசூதியில் தொழுகைக்கு மட்டுமே அனுமதி உண்டு. சுற்றுலாப் பயணிகளுக்குச் சிறப்பு அனுமதி என்று ஒன்று கிடையாது. அக்கா விடாமல் வாதாடியதும், அப்படியானால் சனிக்கிழமைதான், வேண்டாமென்றால் முன்பணம் திரும்பாது என்று முடித்துக்கொண்டார்கள். அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர்கள் அதே வியாழக்கிழமை அதே சாலையில் ஆக்ரா போய் இரவு வீடு திரும்பியிருந்தார்கள். சாலை மூடப்படவே இல்லை. குளிர்காலத்தில் டிசம்பர் 15 முதல் பிப்ரவரி 15 வரை அங்கே வேக வரம்பைக் குறைப்பது வழக்கம். பயணம் தாமதமாகும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை கரோல் பாக்கில் இருக்கும் சித்தியின் வீட்டுக்காக ஒதுக்கியிருந்த நாள். அம்மா டெல்லிக்கு வரச் சம்மதித்ததே தன் தங்கையோடு ஒரு பகலாவது உட்கார்ந்து பேசத்தான். அந்தப் பகல் பறிபோனதை எந்தத் தொகையில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

காலை ஆறு மணிக்கு வரவேண்டிய "தனி வண்டி" ஏழேகாலுக்கு வந்தபோது அதில் ஏற்கெனவே நான்கு பேர் இருந்தார்கள். அங்கிருந்து பஹார்கஞ்ச் போய் இன்னும் மூவரை ஏற்றிக்கொண்டு, டெல்லி எல்லையைத் தாண்டும்போது மணி ஒன்பதரை. முன்னிருக்கையில் இருந்த கோயம்புத்தூர்க்காரரிடம் பேச்சுக் கொடுத்தபோதுதான் அவருக்கும் வியாழக்கிழமை என்றே சொல்லியிருந்தார்கள் என்பது தெரிந்தது. தனித்தனியாகக் காசு வாங்கிய மூன்று குடும்பங்களை ஒரே வண்டியில் அடைப்பதற்குத்தான் பனிமூட்டம் காரணமாகியிருக்கிறது. தமிழ் பேசும் வழிகாட்டி ஆக்ரா எல்லையில் ஏறினார். "வணக்கம்", "சாப்பிட்டாச்சா" என்ற இரண்டையும் தாண்டி அவரிடம் தமிழ் இல்லை. சுற்றுலாத் துறையின் வழிகாட்டி அடையாள அட்டையைக் காட்டச் சொன்னபோது சட்டைப்பையைத் தட்டிக் காட்டினாரே தவிர வெளியே எடுக்கவில்லை.

வண்டி நேராகத் தாஜ்மகாலுக்குப் போகவில்லை. சாப்பாடு என்று ஓர் உணவகம், அதையடுத்து வெண்பூசணிப் பேட்டா இனிப்பு விற்கும் கடை, அதையும் அடுத்து "அரசு அங்கீகாரம் பெற்ற" சலவைக்கல் கூடம். தாஜ்மகாலைக் கட்டிய சிற்பிகளின் பரம்பரையினர் இங்கேதான் வேலை செய்கிறார்கள் என்று வழிகாட்டி அறிமுகப்படுத்த, வாசலில் இரண்டு பேர் சக்கரத்தில் கல் தேய்த்துக் காட்டினார்கள். உள்ளே விளக்கை அணைத்துவிட்டு, பூவேலை செய்த ஒரு தட்டின் அடியில் டார்ச் அடித்து, ஒளி ஊடுருவினால் அது தாஜ்மகாலுக்குப் பயன்பட்ட ராஜஸ்தானத்து மக்ரானா சலவைக்கல் என்று விளக்கம் சொன்னார்கள். ஒளி ஊடுருவுவதால் மட்டும் ஒரு கல் மக்ரானா ஆகிவிடாது. மென்மையான வேறு வெள்ளைக் கற்களும் அப்படித்தான் ஒளிரும். விற்பனையாளர் 3,500 ரூபாய் சொன்ன சிறிய யானையை அம்மா கையில் வாங்கி, அதன் அடிப்பாகத்தைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறினாள். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. "இது மாக்கல். சேலத்துக் கல்சட்டி வாங்கும்போது பார்க்காததா?" என்றாள். சலவைக்கல்லில் நகம் கீறல் விழுத்தாது. அதுவரை ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்த விற்பனையாளர் அதற்குப் பிறகு எங்களிடம் எதுவுமே பேசவில்லை. ஆனால் கதவருகே நின்ற ஓட்டுநர், எல்லாரும் பார்த்து முடித்தால்தான் வண்டி கிளம்பும் என்று சொல்லிவிட்டதால், அந்தக் கூடத்திலேயே முக்கால் மணி நேரம் போயிற்று.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். டீசல், விரைவுச்சாலைச் சுங்கம், டெல்லி வண்டி உத்தரப் பிரதேசத்துக்குள் நுழையக் கட்டும் வரி, ஓட்டுநர் படி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் விளம்பரத்தில் சொன்ன தொகைக்கு டெம்போ டிராவலர் ஓட்டுவது கட்டுப்படியாகாது. பிறகு எப்படி ஓட்டுகிறார்கள்? பாதிக் கணக்கு ஒரே வண்டியில் மூன்று குடும்பங்களை ஏற்றுவதில் நேராகிறது. மீதி, வழியில் நிறுத்தும் ஒவ்வொரு கடையிலும் கிடைக்கும் கமிஷனில் நேராகிறது. ஆகவே எங்களைக் கடைக்குக் கூட்டிப்போவதுதான் அவர்களுக்குத் தொழில். தாஜ்மகால் நாங்கள் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய சலுகை.

கிழக்கு வாசல் பக்கத்து ஷில்ப்கிராம் நிறுத்தத்துக்கு வந்தபோது மணி மூன்றே முக்கால். தாஜ்மகாலைச் சுற்றி 500 மீட்டருக்குள் பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு அனுமதியில்லை என்பது உண்மையான விதிதான். அதைச் சொல்லி பேட்டரி வண்டிக்குத் தனியாக வாங்கினார்கள். நுழைவுச் சீட்டு ஏற்பாடு என்றால் சீட்டின் விலையும் சேர்த்தி அல்ல என்று புது விளக்கம் சொல்லி, வரிசையில் நிற்காமல் போகலாம் என்ற ஆசையும் காட்டி, குழந்தைகள் உட்பட ஏழு பேருக்கும் தலைக்கு 550 ரூபாய், ஆக 3,850 ரூபாயை வழிகாட்டி வாங்கிக்கொண்டு போனார். இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். கல்லறை மண்டபத்துக்குள் போகக் கூடுதலாக 200 ரூபாய். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை. பெரியவர்கள் ஐந்து பேருக்கும் மண்டபத்தைச் சேர்த்தே 1,250 ரூபாய்தான் ஆகியிருக்கும். கொண்டுவந்து கொடுத்த ஐந்து சீட்டுகளிலும் 50 ரூபாய் என்றே அச்சாகியிருந்தது. எங்களிடம் வாங்கியது 3,850. அவர் செலவழித்தது 250. கேட்பதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டார். தாஜ்மகால் சூரியன் மறைய அரை மணி நேரம் இருக்கும்போதே மூடப்படும். டிசம்பர் கடைசியில் அது ஏறக்குறைய ஐந்து மணி. சோதனை வரிசையைத் தாண்டி உள்ளே போன எங்களுக்கு அரை மணி நேரம்கூட மிஞ்சவில்லை. ஆக்ரா கோட்டையைப் பற்றி அதன்பின் யாரும் வாயே திறக்கவில்லை. டெல்லி வந்து சேர நள்ளிரவு கடந்துவிட்டது. மறுநாள் மூட்டை கட்டும் அவசரத்துக்கு நடுவே அம்மா சித்தியோடு ஒரு மணி நேரம் இருந்தாள்.

ஆக்ராவுக்கு மட்டும் போவதானால் ரயிலே போதும். ஹஜ்ரத் நிஜாமுதீனிலிருந்து காலையில் புறப்படும் கதிமான் எக்ஸ்பிரஸ், பனி இடையூறு செய்யாவிட்டால், இரண்டு மணி நேரத்துக்குள் ஆக்ரா கண்டோன்மெண்டில் இறக்கிவிடும். அது வெள்ளிக்கிழமை ஓடுவதில்லை. தாஜ்மகாலின் விடுமுறை நாளை நினைவில் வைக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. நுழைவுச் சீட்டை இந்தியத் தொல்லியல் துறையின் இணையத்தளத்திலேயே முன்கூட்டி எடுத்துவிடலாம். கைவினைப் பொருள் வேண்டுமானால் டெல்லி ஜன்பத்தில் இருக்கும் மத்திய குடிசைத் தொழில் விற்பனையகத்திலோ, பாபா கரக் சிங் சாலையில் இருக்கும் மாநில அரசுகளின் கடைகளிலோ விலைச்சீட்டு ஒட்டிய பொருளைப் பில்லோடு வாங்கலாம். வண்டிதான் வேண்டும் என்பவர்கள், நிறுவனத்தின் பெயரில் ஜிஎஸ்டி எண்ணோடு பில், வண்டி எண், கடைகளில் நிறுத்தமாட்டோம் என்ற வாக்கு ஆகிய மூன்றையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

ஊர் திரும்பியதும் வாட்ஸ்அப் உரையாடல், யுபிஐ விவரம், 50 ரூபாய் சீட்டுகளின் படம் எல்லாவற்றையும் சேர்த்து, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915 வழியாகப் புகார் பதிந்தோம். அதுவரை அழைப்பையே எடுக்காத ஏற்பாட்டாளர், புகார் எண்ணை அனுப்பிய அன்று மாலையே அத்தானை அழைத்தார். புகாரைத் திரும்பப் பெற்று, ஐந்து நட்சத்திரத்தோடு நல்லபடியாக நான்கு வரி எழுதிப் போட்டால் 2,000 ரூபாய் திருப்பித் தருவதாகப் பேரம் பேசினார். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது.