புது வண்டி, கைமாறிய வண்டி, லீஸ் வண்டி: ஒரு மடிப்பாக்கம் கணக்கு

எங்கள் குடும்பத்தில் மூன்று கார்கள், மூன்றும் மூன்று வழியில் வந்தவை. மச்சினன் கடன் போட்டுப் புது வண்டி எடுத்தான். தங்கை தன் அலுவலகம் வழியாக லீஸில், அதாவது சொந்தமாக வாங்காமல் மாதத் தொகை கட்டி ஓட்டும் முறையில், எடுத்தாள். நான் நாலு வயதான பெட்ரோல் வண்டி ஒன்றை அதன் முதல் உரிமையாளரிடமிருந்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூடினால் யார் ஏமாந்தது என்ற பேச்சு வராமல் இருக்காது.

புது வண்டிக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது "மாசம் எவ்வளவு வரும்?" வம்பு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. 8 லட்சம் கடனை 9 சதவீத வட்டியில் 5 வருடத்துக்குப் போட்டால் தவணை சுமார் 16,600 ரூபாய். 7 வருடத்துக்கு இழுத்தால் 12,900க்குள் வந்துவிடும். மச்சினன் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டான். வட்டி மட்டும் முதல் வழியில் 2 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டாவதில் 2.8 லட்சம்.

அடுத்தது ஆயுள் வரி, அதாவது வண்டியைப் பதிவு செய்யும்போது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஏற்றியதிலிருந்து, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள வண்டிக்கு 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. "இன்னும் நாற்பதாயிரம் போட்டா டாப் மாடலே வந்துடும் சார்" என்பார்கள் ஷோரூமில். 9.8 லட்சத்திலிருந்து 10.2 லட்சத்துக்குத் தாவினால் வரி மட்டும் 56,000 ரூபாய் கூடும். அதை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள், பில்லில்தான் தெரியும்.

ஆனாலும் புது வண்டியின் பக்கம் ஒரு நியாயம் கூடியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டியைவிடப் பத்து சதவீதம் மட்டும் குறைத்துப் பழைய வண்டியை விற்க வருபவர்களிடம் இனி பேச்சே வேண்டாம். இன்ஷூரன்ஸ் கணக்கிலேயே ஒரு வருடம் தாண்டிய வண்டிக்கு மதிப்பில் 20 சதவீதமும், நாலு வருடம் தாண்டியதற்கு 50 சதவீதமும் கழிக்கிறார்கள்.

அந்தப் பாதி விலைதான் என்னை இழுத்தது. என் ஓட்டம் வருடத்துக்கு எட்டாயிரம் கிலோமீட்டர்: பிள்ளைகளின் டியூஷன், மாமியார் வீடு, இரண்டு முறை கும்பகோணம். இதற்குப் புது வண்டி அதிகம். ஆனால் சென்னையில் பழைய வண்டி பார்ப்பவர்கள் முதலில் பயப்பட வேண்டியது மைலேஜுக்கு இல்லை, தண்ணீருக்கு. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. துடைத்து, வாசனை அடித்து விற்றுவிடுவார்கள். நான் பார்த்த முதல் வண்டி பளபளவென்றுதான் இருந்தது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். உள்ளே ஒளிந்திருந்த பகுதியில் சேற்றுக் கோடு. ஸ்டெப்னியைத் தூக்கினால் அடியில் துரு. "மழை ஈரம்தான் சார்" என்றார் தரகர். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று பார்க்க டயர் உதவும். ஓரத்தில் இருக்கும் நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2020இல் பதிவான வண்டி இருபதாயிரம்தான் ஓடியது என்கிறார்கள், டயரிலோ 1423 என்று இருந்தால், பழைய டயர்கள் எங்கே போயின என்று கேளுங்கள். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) வங்கியின் பெயர் இருந்தால் வண்டி மேல் கடன் இருக்கிறது என்று அர்த்தம், அந்தப் பெயர் நீங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். புதுச்சேரி, பெங்களூரு பதிவு வண்டி மலிவாகத் தெரியும். இங்கே மறுபதிவு செய்து ஆயுள் வரியும் கட்டிய பிறகு அப்படித் தெரியாது. அப்புறம், பழைய உரிமையாளரின் நோ கிளைம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காதவருக்கு இன்ஷூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி, வண்டியோடு உங்களுக்கு வராது. அது ஆளுக்கு உரியது.

தங்கையின் லீஸில் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் மாதத் தொகைக்குள். சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வதால் வரியிலும் கொஞ்சம் மிச்சம். ஆர்.சி. அவள் பெயரில் இல்லை, அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. ஆனால் போன வருடம் நல்ல வேலை ஒன்று வந்தபோது, லீஸை நடுவில் முடிக்க எவ்வளவு கேட்பார்கள் என்று கணக்குப் போட்டுவிட்டு ஒரு வாரம் தூங்கவில்லை. மூன்று நாலு வருடத்துக்கு வேலை மாறாதவர்களுக்கு இது தோதுப்படும்.

பராமரிப்பில் நான்தான் அடிக்கடி கைநீட்டிச் செலவழிக்கிறேன்: கிளட்ச், பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ். வாரண்டி முடிந்த வண்டி என்பதால் தெரு முனை மெக்கானிக்கிடம் விடுகிறேன். கழற்றிய பாகத்தைக் கையில் கொடுப்பார். மச்சினன் வாரண்டிக்காகக் கம்பெனி சர்வீஸுக்குத்தான் போகவேண்டும் என்கிறான். ஒருமுறை நானும் அப்படி ஓர் இடத்தில் விட்டேன். முந்தின மாதம்தான் மாற்றிய ஏசி ஃபில்டரை மறுபடி மாற்றி பில் போட்டிருந்தார்கள்.

2024 அக்டோபரில் கனமழை அறிவிப்பு வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் ஊர்க் கார்கள் எல்லாம் வரிசை கட்டின. மச்சினன் முதல் ஆளாகப் போய் இடம் பிடித்தான். இன்ஷூரன்ஸில் கூடுதலாகச் சேர்க்கும் எஞ்சின் பாதுகாப்பு கவர் எடுக்காமல் விட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்கிறது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் சாதாரண பாலிசியில் அதற்குப் பணம் கிடைப்பது கஷ்டம். நான் அதை எடுத்திருந்தேன். இருந்தாலும் அவன் வண்டிக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். தங்கை மட்டும் வரவில்லை. அவள் குடியிருப்பது மூன்றாம் மாடி, வண்டி நிற்பது தரைத்தளம். போன் செய்தால், "அது கம்பெனி வண்டிதானே அண்ணா" என்றாள்.