வெட்டலா, காஸ்லியா?

ஃபார்முலா 1 கார் பந்தய ஓட்டுநர்களான இவர்களில் யார் ஜெயித்தது பெரிது? தர்மபுரி டீக்கடையில் எனக்கும் நண்பனுக்கும் தீராத வழக்கு இது. இரண்டுமே இத்தாலியின் மோன்சா பந்தயத் தடத்தில், அந்நாட்டின் ஃபயென்சா ஊர்ச் சின்ன அணிக்குக் கிடைத்த வெற்றிகள். 2008-இல் வெட்டல் ஜெயித்தபோது அணியின் பெயர் டோரோ ரோஸோ, 2020-இல் காஸ்லி ஜெயித்தபோது பெயர் மாறி ஆல்ஃபாடவ்ரி. என் ஓட்டு வெட்டலுக்கு.

காஸ்லி பத்தாவதாகக் கிளம்பினார். தடத்தில் ஆபத்து வந்தால் எல்லோரையும் மெதுவாக்கும் சேஃப்டி கார் வருவதற்குச் சற்று முன் டயர் மாற்றியதும், முன்னணியில் இருந்த ஹாமில்டனுக்கு விழுந்த தண்டனையும் கைகொடுத்தன. கடைசியில், இரண்டாவதாக வந்த சைன்ஸை 0.415 விநாடியில் முந்தி முடித்தார். “ரெட் புல்ங்கற பெரிய டீம் இறக்கிவிட்ட பையன்டா, மச்சான்!” என்பான் நண்பன். சரிதான்.

ஆனால் 21 வயது வெட்டல், கிளம்பும் வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றில் கொட்டும் மழையில் முதலிடம் பிடித்து, பந்தயத்தை ஈரத் தடத்தில் ஜெயித்தார். தொப்பூர் கணவாயில் அடைமழையில் லாரிக்குப் பின்னால் போயிருக்கிறீர்களா? கண்ணாடியில் சேற்றுத் தண்ணீர்தான் தெரியும். முன்னால் போகிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை. அந்த இடத்தை வெட்டல் தானே சம்பாதித்தார். இதைச் சொன்னதும் நண்பன் இன்னொரு டீ சொல்லிவிடுவான்.