வார்டு வழியா, நேர்வழியா: சட்டமன்றத்துக்கு இரு பாதைகள்

சட்டமன்ற உறுப்பினராக விரும்புகிறவர் வார்டில் தொடங்கிப் படிப்படியாக ஏறலாம். கட்சிப் பணியின் பலத்தில் நேரடியாகவே சட்டமன்றத்துக்குச் சீட்டுக் கேட்கவும் செய்யலாம். 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் நான் முதல் வழியைத் தேர்ந்து நகராட்சி உறுப்பினரானவன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

இரண்டு வழிகளும் நேருக்கு நேர் மோதிய தொகுதி சைதாப்பேட்டை. சைதை துரைசாமி 1984இல் சட்டமன்ற உறுப்பினராகி, 2011இல்தான் சென்னை மேயரானார். மா. சுப்பிரமணியன் 2006இல் மேயராகி, 2016இல் சட்டமன்றம் சென்று, 2021இல் அமைச்சரானார். 2011 மேயர் தேர்தலில் துரைசாமி வென்றார். 2021 சட்டமன்றத் தேர்தலில் சுப்பிரமணியன் வென்றார். எனவே வெற்றி தோல்வியைக் கொண்டு வழியின் தரத்தை அளக்க இயலாது. தேர்தல் செலவு, மக்களிடையே அறிமுகம் ஆகியவற்றில் வார்டுக்காரருக்குள்ள வசதி அனைவரும் அறிந்ததே.

என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறொன்று. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து ஒரு வடிகாலைப் பரிந்துரைக்கலாம்; ஆனால் நகர்ப்புறத்தில் அதற்கு மதிப்பீடு தயாரிப்பதும், டெண்டர் விடுவதும், முடிந்த வேலையின் அளவை அளவுப் புத்தகத்தில் பதிவதும், பில் போடுவதும் பெரும்பாலும் உள்ளாட்சியின் பொறியியல் பிரிவே. கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது, சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டால் எந்தத் தெருவின் வாசல்கள் பள்ளமாகும், வடிகாலின் வாட்டம் எந்தப் பக்கம் என்பவற்றை மன்றக் கூட்டங்களில் சண்டையிட்டுக் கற்றவர், பின்னாளில் எம்.எல்.ஏ. ஆனாலும் ‘நடவடிக்கையில் உள்ளது’ என்ற பதிலோடு திரும்பி வரமாட்டார். நேரடியாக வந்தவரும் இதைக் கற்கலாம். ஆனால் பதவிக்காலத்தின் முதல் பாதி அதிலேயே கரைந்துவிடும்.

ஊராட்சிப் பக்கத்தை நான் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். புள்ளம்பாடி ஒன்றியத் தலைவராக இருந்து 1989இல் லால்குடி எம்.எல்.ஏ. ஆன கே.என். நேரு அங்கும் இந்த வழி செல்லும் என்பதற்குச் சான்று. எனினும் ஒருவரைக் கொண்டு பொதுவிதி சொல்லத் தயக்கமாக இருக்கிறது. சட்ட முன்வடிவைப் பிரிவு பிரிவாக அலசி வாதிடுவதற்கும் வார்டு அனுபவம் பெரிதாக உதவுமென்று தோன்றவில்லை. அதில் வழக்கறிஞர்களே தேர்ந்தவர்கள்.

வார்டு வழியின் பெருங்குறை அதன் காலண்டர். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபின், நகர்ப்புறத் தேர்தல் நடக்க 2022 ஆயிற்று; இடையில் அரசு நியமித்த தனி அலுவலர்களே நிர்வகித்தார்கள். அந்த இடைவெளியில் முப்பதுகளின் நடுவில் இருந்தவர் நாற்பதைத் தாண்டிவிட்டார். சட்டமன்றத் தேர்தலோ ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் வருகிறது. வயதும் வருமானமும் காத்திருக்க இடம் கொடுக்காதவருக்கு நேர்வழியைத்தான் நானும் சொல்வேன்.