மாலே – மொரிஷியஸ் 'நாலே கால் மணி நேரம்': டிக்கெட் எடுக்கும் முன் படித்துவிடுங்கள்

மாலத்தீவிலிருந்து மொரிஷியஸ் போகத் திட்டமிடுகிறவர்கள் நான் மாட்டிக்கொண்ட கதையைக் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். டிக்கெட் எடுத்துத் தந்த டிராவல் ஏஜென்ட்டின் பெயரைப் போடவில்லை. இந்த வேலையைச் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டுமில்லை.

"3,240 கிலோமீட்டர்தான் சார், நாலே கால் மணி நேரம்" என்று சொல்லி ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பினார். இரண்டும் இந்தியப் பெருங்கடல் தீவுகள்தானே என்று நம்பிவிட்டேன். தூரம் சரிதான், அதில் பொய் இல்லை. உருண்டையான பூமியின் மேல் இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே கயிறு கட்டி இழுத்தால் வரும் அளவு அது. அதை மணிக்கு 850 கி.மீ. என்று வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேர்த்தால் பயண நேரம் வந்துவிடும். அந்த வழியில் விமானம் ஓடுகிறதா என்பது கணக்குக்கு எப்படித் தெரியும்? நான் போக வேண்டிய நாளில் ஓடவில்லை.

பணம் கட்டியபின் வந்த டிக்கெட்டில் துபாய் இருந்தது. தெற்கே போக வேண்டியவன் முதலில் வடமேற்கே 3,050 கி.மீ. போய், அங்கிருந்து 5,080 கி.மீ. தெற்கே இறங்க வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதுதான். பறக்கும் நேரம் மட்டுமே பத்தரை மணிக்கு மேல். கேட்டதற்கு, "நடுவுல ஒரு சின்ன ஸ்டாப் சார், அவ்வளவுதான்" என்றார். மொத்த நேரத்திலும் ஒரு மணி குறைத்துத்தான் சொன்னார். மாலே கடிகாரம் மொரிஷியஸை விட ஒரு மணி முன்னால் ஓடுகிறது. அவர் புறப்படும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் அப்படியே கழித்துவிட்டார். (இதே கணக்கைச் சமோவாவிலிருந்து பக்கத்து அமெரிக்கச் சமோவாவுக்குப் போட்டால், கிளம்புவதற்கு முந்தைய நாளே போய் இறங்கியிருப்போம். நடுவில் நாள் மாறும் சர்வதேசத் தேதிக் கோடு.)

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். நிஜமான அடி மாலே கவுன்ட்டரில் விழுந்தது. பெட்டியில் ஒட்ட வந்த டேக்கில் 'டிஎக்ஸ்பி' என்று மட்டும் இருந்தது. அதாவது துபாய். "எம்ஆர்யு வரை போடுங்களேன்" என்றேன். அது மொரிஷியஸ். அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினார்: "உங்களுடையது ஒரே டிக்கெட் இல்லை சார். இரண்டு கம்பெனி, இரண்டு பிஎன்ஆர் (முன்பதிவு எண்). துபாயில் வெளியே போய்ப் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். விசா இருக்கிறதா?"

இல்லை. ஏஜென்ட் விசாவைப் பற்றி வாயே திறக்கவில்லை. என்னை ஏற்றவில்லை.

இரண்டு பிஎன்ஆரும் நான் தொடக்கூட இல்லாத பிடிஎஃப்பின் இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தன. அது என் தப்பு. நீங்கள் பணம் கட்டுவதற்கு முன்பே "ஒரே பிஎன்ஆரா, பெட்டி கடைசி ஊர் வரை போகுமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால்கூட, தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது கம்பெனிக்குப் பொறுப்பில்லை.

அப்புறம் அங்கேயே உட்கார்ந்து வேறு டிக்கெட் எடுத்தேன், அதுவும் துபாய் வழிதான், ஆனால் ஒரே பிஎன்ஆர். மறுநாள் மொரிஷியஸில் இறங்கி போனைப் போட்டதும் ஏஜென்ட்டின் மெசேஜ்: "ஹேப்பி ஜர்னி சார். சர்வீஸ் சார்ஜ் திரும்பக் கிடைக்காது."