லிஃப்ட் ஸ்பிரிங் என்று சொல்லி பழைய ஸ்பிரிங்குக்கே பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள்

மஹிந்திரா தார் ஜீப் வைத்திருப்பவர்கள், பெரிய டயர் போட யோசிப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

என் வண்டி 2021 தார், டீசல். கம்பெனி டயர் 255/65 ஆர்18. வால்பாறைப் பக்கம் எஸ்டேட் ரோட்டில் அடிக்கடி போகிற வேலை எனக்கு, கல்லும் சேறுமாகக் கிடக்கும், அதனால் அதைவிடப் பெரிய 265/70 ஆர்18 டயரும் 2 இன்ச் லிஃப்டும், அதாவது வண்டியை அவ்வளவு உயர்த்தும் கிட்டும், போடலாம் என்று 2024 ஜூனில் கோவையில் ஒரு கடையில் விட்டேன். டயருக்கு 72,000, லிஃப்டுக்கு 45,000. "ஒரிஜினல் லிஃப்ட் ஸ்பிரிங்குங்கண்ணா, நாலும் புதுசு, எங்கேயும் உரசாது" என்றார் கடைக்காரர். சாயங்காலம் பார்த்தால் ஸ்பிரிங் எல்லாம் பளிச்சென்று சிவப்பில் இருந்தது. பழைய ஸ்பிரிங்கைக் கேட்டேன். "அது ஸ்கிராப்புக்குப் போயிடுச்சுங்க."

முதல் வாரமே ஆழியாரிலிருந்து மலை ஏறும்போது தெரிந்துவிட்டது. 40 கொண்டை ஊசி வளைவு, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும் இடத்திலெல்லாம் முன் டயர் உள் பிளாஸ்டிக்கில் கர்ரென்று உரசுகிறது. நேர் ரோட்டில் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. போன் செய்தால் "ஓட ஓட செட் ஆயிடும்" என்கிறார். வண்டியை உயர்த்தினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம் பார்க்க வேண்டும், அதைச் செய்யாமலே அனுப்பியிருக்கிறார்கள். டயர் பெரிதானதால் மீட்டர் 80 காட்டும்போது வண்டி 84-ல் போகும் என்பதையும் யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது மாதம் முன் வலது ரிம்மின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தது. பொள்ளாச்சியில் ஜீப் வேலையிலேயே தலை நரைத்த மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஆக்சில் பூட், அதாவது கிரீஸை உள்ளே பிடித்து வைக்கும் ரப்பர் உறை, கிழிந்திருந்தது. அவர் படுத்தபடியே சாவியால் ஸ்பிரிங்கைச் சுரண்டினார். "தம்பி, இங்க வந்து பாருங்க." சிவப்பு பெயின்ட் செதில் செதிலாக உதிர்கிறது, அடியில் கம்பெனிக் கறுப்பு. ஸ்கிராப்புக்குப் போனதாகச் சொன்ன அதே ஸ்பிரிங்! மேலே 2 இன்ச் உயரத்துக்கு ஒரு அலுமினியக் கட்டை, அதாவது ஸ்பேசர். ஸ்பேசரே தப்பு என்று சொல்ல வரவில்லை, அளவு பார்த்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தாரில் முன் ஷாக் சக்கரத்திலிருந்து உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும், அதனால் மேலே 2 இன்ச் வைத்தால் சக்கரத்தில் அதைவிட நிறைய இறங்கும். ஆக்சில் அந்தக் கோணத்தில் சுற்றினால் பூட் கிழியாமல் என்ன செய்யும்.

அப்போதுதான் டயரின் உள்பக்கம் என் கண்ணில் பட்டது. அங்கே இருந்த நீளமான குறியீட்டின் முடிவில் 3218. அந்தக் கடைசி நான்கு எண்தான் தயாரித்த தேதி: 2018-ம் வருஷம், 32-வது வாரம். புது டயர் என்று காசு வாங்கிய நேரத்தில் அதற்குக் கிட்டத்தட்ட ஆறு வயது. ரோட்டில் படும் பட்டன் எல்லாம் தேயாமல் புதுசுதான், ரப்பர் பழசு. முழு தேதி டயரின் ஒரு பக்கம்தான் இருக்கும், நாலிலும் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருக்கிறார்கள். டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன்னாலேயே கையில் வாங்கிப் படித்துவிடுங்கள், ஏற்றிய பிறகு வெளியே நின்று பார்த்தால் தெரியாது.

ஸ்டெப்னிக்குப் பழைய டயரே போதும் என்று கடைக்காரர் சொன்னதும் தப்புதான். கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் சின்ன சக்கரத்தை மாட்டிக்கொண்டு ஃபோர் வீலில் போட்டால் கியர், ஆக்சில் எல்லாம் முறுக்கிக்கொள்ளும்.

திரும்பப் போய்க் கேட்டேன். "ஆர்டிஓ கிட்ட போனா உங்களுக்குத்தான் ஃபைன் வரும் பாத்துக்குங்க" என்றார். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி இப்படி வண்டியை மாற்றுவதே பிரச்சினை என்பது அவருக்கு முன்பே தெரியும். பணம் வாங்கும்போது வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, அதே சட்டத்தை வைத்து என்னை மிரட்டுகிறார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பில்லும் வெறும் துண்டுச் சீட்டு, "டயர் 4, லிஃப்ட் கிட் 1", ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. நல்லவேளை, போன்பேயில் அனுப்பியதற்குக் கணக்கு இருக்கிறது, "நாலும் புது ஸ்பிரிங்" என்று வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய மெசேஜும் இருக்கிறது.

ஸ்பேசரைக் கழற்றி, பூட் மாற்றி, பழைய அளவு டயருக்கே வந்துவிட்டேன். அந்த நாலு டயரையும் கழித்துப் போடவில்லை, நுகர்வோர் ஆணையத்தில் காட்டுவதற்காகத் திண்ணையோரம் தேதி வெளியே தெரிகிற மாதிரி அடுக்கி வைத்திருக்கிறேன்.