சிரிப்பும் சம்பளத்தில் சேர்த்தியா? ஆர்லி ஹாக்சைல்டின் 'தி மேனேஜ்டு ஹார்ட்' வாங்கலாமா

கஸ்டமர் கேரில் ஆறு வருடம் ஹெட்செட் மாட்டியவள் நான். "உங்க குரல்ல சிரிப்பே இல்லை" என்று டீம் லீடர் மார்க் குறைத்த நாட்கள் உண்டு. சமூகவியல் என்றாலே கொட்டாவி வரும் எனக்கு. இருந்தும் இந்தப் புத்தகத்தை வாங்கியதற்கு அந்த மார்க்தான் காரணம். அமெரிக்கச் சமூகவியல் பேராசிரியர் ஹாக்சைல்ட் எழுதியது, சிரிப்பையும் கோபத்தையும் வேலையின் பகுதியாகக் காட்ட வேண்டியவர்களைப் பற்றி. 1983-ல் முதலில் வந்தது. என்னிடம் இருப்பது 2012-ல் புது முன்னுரையோடு வந்த பேப்பர்பேக்.

தொடக்கத்திலேயே ஆளைப் பிடித்துப்போனது. ஹாக்சைல்டின் அப்பா அமெரிக்கத் தூதரக அதிகாரி. வீட்டு விருந்தில் பன்னிரண்டு வயதுப் பெண் வேர்க்கடலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு விருந்தாளிகள் நடுவே போகிறாள், அண்ணாந்து பார்த்தால் மேலே வரிசையாகச் சிரிப்புகள், கீழேயிருந்து பார்க்கும்போது அவை வேறு மாதிரி தெரிகின்றன. எல்லோரும் போன பிறகு எந்தச் சிரிப்புக்கு என்ன பொருள் என்று அப்பாவும் அம்மாவும் பேசுவதைக் கேட்கிறாள். பிற்காலப் பேராசிரியர் அந்தத் தட்டோடு அப்போதே கிளம்பிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

1969-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், கொஞ்ச காலம் சாண்டா குரூஸில் வேலை, 1971-ல் மறுபடி பெர்க்லி, பிறகு ஓய்வு வரை அங்கேயே. இந்தப் புத்தகத்துக்காக அட்லாண்டாவில் டெல்டா விமான நிறுவனத்தின் பயிற்சி வகுப்புகளில் போய் உட்கார்ந்திருக்கிறார். விமானத்தை உங்கள் வீட்டு வரவேற்பறையாக நினையுங்கள், கத்துகிற பயணியைப் பயந்துபோன குழந்தையாக நினையுங்கள் என்று அங்கே சொல்லித்தருகிறார்கள். கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று பணிப்பெண்களைக் கேட்டால், திட்டுவேன், அழுவேன், சாப்பிடுவேன், வாளிக்குள் கத்துவேன் என்று பதில் வருகிறது. வாளியைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு டீ குடித்தேன். எங்கள் ஆபீசில் அதற்குப் படிக்கட்டுப் பக்கம் இருந்தது.

ஏன் சிரிக்க மாட்டேன் என்கிறாய் என்று கேட்ட பயணியை முதலில் சிரிக்கச் சொல்லி, அவர் சிரித்ததும் இப்படியே பதினைந்து மணி நேரம் வைத்திருங்கள் என்று சொன்ன பணிப்பெண்ணும் இதில்தான் வருகிறார்.

கடன் வசூலிப்பவர்கள் பற்றிய பகுதியை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை, எனக்கு அதுதான் இன்னும் பிடித்தது. அங்கே எல்லாம் தலைகீழ், இன்னும் கோபப்படு என்று முதலாளி விரட்டுகிறார். அன்பையும் காசாக்கலாம், எரிச்சலையும் காசாக்கலாம், இரண்டுக்கும் உள்ளே இருக்கிற ஆள்தான் தேய்கிறார். இதற்கு ஹாக்சைல்ட் வைத்த பெயர்தான் எமோஷனல் லேபர், உணர்ச்சி உழைப்பு என்று சொல்லலாம். அமெரிக்க வேலைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்த வகை என்றும், பெண்களை மட்டும் எடுத்தால் பாதி என்றும் அப்போது கணக்குப் போட்டார்.

விருதுகளைப் பார்த்து வாங்குபவர்களுக்கு: அமெரிக்கச் சமூகவியல் சங்கம் 2000-லும் 2008-லும் கௌரவித்தது, டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி 2015-ல் யுலிசஸ் பதக்கம் கொடுத்தது, அமெரிக்காவின் லூசியானா மாநில வலதுசாரிகளோடு ஐந்து வருடம் பழகி எழுதிய புத்தகம் 2016-ல் அந்த நாட்டின் தேசியப் புத்தக விருதின் இறுதிப் பட்டியல் வரை போனது. சரி, நல்லதுதான். ஆனால் இவர் உருவாக்கிய சொல் படிக்காதவர்கள் வாயிலும் புழங்குகிறதே, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. புழங்கிப் புழங்கி, வீட்டில் யார் பால் பாக்கெட் வாங்குவது என்பது வரைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 2018-ல் தி அட்லாண்டிக் பத்திரிகைப் பேட்டியில், இப்படி எல்லாவற்றுக்கும் இழுக்கிறார்களே என்று அவரே சங்கடப்பட்டார்.

குறையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது அத்தியாயத்திலிருந்து கோட்பாடு ஏறிக்கொண்டே போகிறது, டார்வினிலிருந்து சமூகவியலாளர் காஃப்மன் வரை பேசும் பின்னிணைப்பை நான் இரண்டு தடவை ஆரம்பித்து இரண்டு தடவையும் விட்டேன். மேற்கோள் குறிப்புகள் கடைசியில் இருப்பதால் முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம், இதில் வரும் விமானப் பயணமே எழுபதுகளின் கடைசியில் இருந்த மாதிரியானது. இன்றைய பட்ஜெட் விமானத்தில் ஏறியவர்களுக்கு அந்த உபசாரமெல்லாம் கதை மாதிரி இருக்கும்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து வேலை செய்கிறவர்கள் முதல் அத்தியாயம் முடிந்ததும் நேரே ஆறு, ஏழுக்குத் தாவிவிடுங்கள். மற்றதைப் பரீட்சை இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.