கோவையில் டே-பாஸ் மேசை: தனிமைக்குச் சரி, களைப்புக்கு?

கல்யாண ஆல்பம் டிசைன், திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு டி-ஷர்ட் பிரின்ட், வீடியோ எடிட்டிங் என்று தனியாளாகத் தொழில் பண்ணுகிறவர்கள் பீளமேடு, சரவணம்பட்டி பக்கம் கோ-வொர்க்கிங் மேசை (பலர் பகிரும் அலுவலகத்தில் வாடகைக்குக் கிடைக்கும் இடம்) தேடுகிறார்கள். "வூட்லயே சிஸ்டம் இருக்கறப்ப காசு குடுத்து எதுக்குங்க அங்க போய் உக்காரணும்?" நியாயமான கேள்விதான். நாள் பூராவும் பேசிய ஒரே ஆள் கூரியர்காரர் என்றாகிவிட்டால் மட்டும் இந்தச் செலவு தகும்.

எடுத்த எடுப்பில் மாதப் பாஸ் வேண்டாம். செவ்வாய், வியாழன் என்று வாரத்துக்கு இரண்டே நாள், அதே மேசையாகக் கேளுங்கள். ஹாட் டெஸ்க்கில் தினமும் இடம் மாறும், பக்கத்து முகமும் மாறும். "போன வாரம் ஆளையே காணோமே?" என்று ஒருவர் கேட்பதற்குத்தான் இங்கே காசு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் அதுவும் நடக்காது. 11 மணிக்கு மெஷின் காபியை மேசைக்குக் கொண்டுவராமல் கீழே பேக்கரிக்கு இறங்குங்கள். ஒரு டீ, ஒரு தேங்காய் பன், நின்றபடி பத்து நிமிஷம். பழக்கம் பிடிப்பது அங்கேதான்.

வாடகையோடு 18% ஜிஎஸ்டி வரும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நெட் வேகம் என்று அவர்கள் பெருமையாகச் சொல்வது டவுன்லோடு. நமக்கு வேண்டியது அப்லோடு. 20 ஜிபி ஃபுட்டேஜ் 50 Mbps வேகத்தில் சுமார் 53 நிமிஷத்தில் ஏறும், 10 Mbps வேகத்தில் நாலரை மணி நேரம் ஆகும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் கரண்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். ஜெனரேட்டரில் ஏசியும் ஓடுமா, லைட்டு மட்டுமா? கலர் வேலை என்றால் ஜன்னலுக்கு எதிரே ஸ்கிரீன் வைக்கும் மேசை ஆகாது.

'24 மணி நேரமும் திறந்திருக்கும்' என்பதை விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிறார்கள். களைத்துப் போனவருக்கு அதுதான் குறை. உலக சுகாதார அமைப்பு 2019இல் பர்ன்-அவுட்டுக்கு, அதாவது தீராத வேலை அழுத்தத்தால் வரும் களைப்புக்கு, மூன்று அடையாளம் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலைமேல் வெறுப்போ ஒட்டாத தன்மையோ வருவது, செய்திறன் குறைவது. ஏழு மணிக்கு விளக்கை அணைத்து வெளியே அனுப்பும் இடம் முதலாவதற்காவது ஓரளவு உதவும். ஆடியில் சும்மா இருந்துவிட்டு ஆவணி முகூர்த்தங்களை ஒரே மூச்சில் ஏற்றுக்கொள்வதை எந்த மேசையும் சரிசெய்யாது. அதற்குக் கொட்டேஷனில் ஒரு வரி வேண்டும்: இரண்டு கரெக்‌ஷன் இலவசம், மூன்றாவதிலிருந்து பக்கத்துக்கு இவ்வளவு.

தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் மேசை பார்ப்பதைத் தள்ளிவைத்து 14416க்குக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்; இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

டிரயலுக்குச் சனிக்கிழமை போகாதீர்கள். ஆள் குறைவாக இருக்கும்போது எல்லா இடமும் அமைதியாக, நெட்டு வேகமாகத்தான் தெரியும். செவ்வாய் காலை 11 மணிக்குப் போங்கள்.